டைனமோ போன செவ்வாய்க்கிழமை

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணி. அடையாறு பாலத்தின் மேல், கொட்டுகிற மழையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வைப்பர் போடவில்லை. ஹெட்லைட் போடவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. நான்கு கண்ணாடிகளும் முழுக்க இறங்கியிருந்தன. பின் சீட்டில் என் அக்கா, காருக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் ரெயின்கோட் போட்டிருந்தார். எங்களைவிட அவர் வசதியாக இருந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் குடிக்கவில்லை. இது வேண்டுதலும் இல்லை. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு அறுபத்தேழு வயது. (இதை எழுத அனுமதி கேட்டேன். 'எழுதிக்கோ. பேரைப் போடாதே. வயசைக் கூட்டிப் போடாதே' என்றாள்.) அபிராமபுரத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள். அத்திம்பேர் போய் ஆறு வருஷமாகிறது. அக்கா டெலிபோன்ஸில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்தைந்து வருஷம் ஊரையே 'லைன்ல இருங்கோ' என்று காத்திருக்க வைத்தவளை யாரும் எதற்கும் வற்புறுத்த முடியாது.

இந்த வருஷம் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை, ரிப்போர்ட், ஆபரேஷன் தேதி எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். எனக்குத் தகவல் வந்தது ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு. அதுவும் வீட்டுச் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருந்ததால்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்து ரேடியேஷன். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் – திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் பதினொன்றரைக்கு. 'நடுவுல விட்டுடாதீங்க' என்றார் டாக்டர். அக்கா 'வேண்டாம்' என்றாள்.

இரண்டு வாரம் கெஞ்சினேன், வாதாடினேன், கோபித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு நாள் அவளே இறங்கி வந்தாள்.

"சரி, வரேன். ஆனா ஆட்டோல ஏற மாட்டேன். டாக்ஸில ஏற மாட்டேன். உன் கார்ல, நீ ஓட்டிண்டு வந்தா வரேன். ஒரு நாள் உன் கார் வரலைன்னாலும் அன்னியோட நிறுத்திடுவேன். அப்புறம் யாரும் என்கிட்ட பேசப்படாது."

சும்மா சொல்வாள், செய்வாளா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் மன்னியிடம் ஒரு தடவை இப்படித்தான், 'இனிமே உங்காத்துல காபி குடிக்க மாட்டேன்' என்றாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போகிறாள், வருகிறாள், மணிக்கணக்கில் பேசுகிறாள்... மோர்தான் குடிக்கிறாள்.

ஆகவே விஷயம் எளிமையானது. என் கார் ஓடினால் அக்காவுக்கு சிகிச்சை. ஓடாவிட்டால் இல்லை.

இந்த இடத்தில் என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் அதன் ரேடியேட்டர், கிளட்ச், இடது பின்கதவு எல்லாவற்றையும் அறிவார்கள். புதியவர்களுக்கு – வயது பதினேழு. பதினைந்தாவது வயதில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் ஐந்து வருஷம் ஆயுள் வாங்கி வந்திருக்கிறேன். இப்படி ஒரு காரை நம்பி யாராவது உயிரைப் பணயம் வைப்பார்களா? அக்கா வைத்தாள்.

இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. தினம் பத்தேகாலுக்கு மந்தைவெளியிலிருந்து கிளம்புவேன். அபிராமபுரத்தில் அவளை ஏற்றிக்கொள்வேன். பின் சீட்டில்தான் உட்காருவாள். முன்னால் உட்கார்ந்தால் பெல்ட் ஆபரேஷன் செய்த இடத்தில் அழுத்துகிறதாம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றிப் போவோம். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். அதிகம் பேச்சு கிடையாது. பள்ளம் வந்தால் மட்டும் 'பார்த்து' என்பாள்.

மூன்றாவது வார ஆரம்பத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் கிளம்பவில்லை. நல்லவேளை, ஞாயிறு. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை.

ஒரு கார் கிளம்பவில்லை என்றால் தெருவில் இருக்கிற எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். வாட்ச்மேன் 'பேட்டரி சார்' என்றார். இஸ்திரிக்காரர் 'பேட்டரிதான்' என்றார். மாடியிலிருந்து ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர் எட்டிப் பார்த்து அதையே தீர்ப்பாகச் சொன்னார். போன் செய்தேன். புதுப் பேட்டரி ஒரு மணி நேரத்தில் வீடு தேடி வந்தது. பொருத்தினார்கள், கார் கிளம்பியது. எல்லோரும் 'நான்தான் சொன்னேனே' என்று கலைந்து போனார்கள்.

அந்த வாரம் ஐந்து நாளும் தடையில்லாமல் போய் வந்தோம். பதினைந்து முடிந்தது. திங்களோடு பதினாறு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினேன். டிக்.

புதுப் பேட்டரி, வயது ஒன்பது நாள். வாட்ச்மேன் வந்து பார்த்தார். அவரிடம் இந்தத் தடவை கருத்து எதுவும் இல்லை. பத்தரைக்கு அக்கா பையோடு கீழே வந்து நிற்பாள். கார் வராது. அன்றோடு சரி. மோர்.

நண்பர் காரை வாங்கிக்கொண்டு போனால் என்ன? யோசித்தேன். 'உன் கார்' என்று சொல்லியிருக்கிறாள். முப்பத்தைந்து வருஷ டெலிபோன்ஸ்காரி ஒரு வார்த்தையைச் சும்மா போடுவாளா? டில்லிபாபுவுக்குப் போன் செய்தேன்.

டில்லிபாபு கார் எலக்ட்ரீஷியன். குடும்பம் ஆற்றோரத்தில் இருந்தபோதே மந்தைவெளியில் ஒரு சந்து முனையில் கடை போட்டவர். அந்த வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் மாற்று வீடு கொடுத்துவிட்டது. கடை மட்டும் இங்கேயே இருக்கிறது, தினமும் பஸ் பிடித்து வருகிறார். அவரிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும். அன்றைக்கு ஞாயிறு, கடை லீவு. அதுதான் என் சாக்கு.

ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் ஒரு பெரிய பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தார். ஒயர் போட்டு வண்டியைக் கிளப்பினார். ஒரு மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி யாரு சார் மாத்தச் சொன்னது?"

மாடியைப் பார்த்தேன். ஜட்ஜ் உள்ளே போய்விட்டார்.

"பேட்டரின்றது சோத்துப் பானை சார். டைனமோதான் ஆக்கிப் போடுறது. ஆக்குறவங்க படுத்துட்டாங்க. நீ புதுப் பானை வாங்கி வெச்சிகினு குந்திகினு கீறே."

டைனமோ என்று அவர் சொல்வது ஆல்டர்னேட்டரை. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்புகிற சமாசாரம். அது கொஞ்ச நாளாக விட்டு விட்டு வேலை செய்து, இப்போது முழுசாகப் படுத்துவிட்டது.

"முன்னாடியே காட்டியிருக்குமே சார். ரெட் லைட் எரிஞ்சிருக்குமே. பாக்கலியா?"

"எந்த லைட்டும் எரியலையே" என்றேன், முழு நம்பிக்கையோடு.

டில்லிபாபு தலையை உள்ளே விட்டு ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார்.

"இது இன்னா சார்?"

"குங்குமம்."

"அது தெரியுது. அதுக்குப் பின்னால?"

ஆயுத பூஜை அன்று என் மனைவி காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். பானெட்டில் வைத்தாள், ஸ்டீயரிங்கில் வைத்தாள், நாலு டயரிலும் வைத்தாள். அக்காவை ஏற்றிக்கொண்டு போகிற கார் ஆயிற்றே என்று, ஸ்பீடோமீட்டர் கண்ணாடியின் இடது மூலையில் கூடுதலாக ஒரு பெரிய பொட்டு. பூஜைக்கு வைத்த குங்குமத்தை யாராவது அழிப்பார்களா? அதுவாக உதிர்ந்தால்தான் உண்டு. டயரில் வைத்தது அன்றே போயிற்று. இது சந்தனத்தோடு காய்ந்து கெட்டியாக உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு மூன்று வாரமாக அந்தப் பொட்டு ரொம்பப் பளிச்சென்று இருந்தது. சில நாள் ஓரங்களில் ஒளியே விட்டது. கபாலி கோயில் பக்கத்தில் வாங்கிய குங்குமம், நல்ல சரக்கு என்று நினைத்தேன். வீட்டில் சொல்லவும் செய்தேன். மனைவிக்குச் சந்தோஷம். இனிமேல் அந்தக் கடையிலேயே வாங்குவது என்று முடிவாயிற்று.

டில்லிபாபு கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். குங்குமத்துக்குப் பின்னால், பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு திவ்யமாக எரிந்துகொண்டிருந்தது.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குங்குமத்தை அழித்ததற்காக. அன்று மாலை நான் முழுக்கதையையும் சொன்னபோது, என் மனைவி கேட்ட முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான் – "அதை யார் அழிச்சா?"

எங்கேயாவது சிவப்பாக ஏதாவது தெரிந்தால் கும்பிட்டுவிட்டுப் போகிற ஆட்கள் நாம். அது எதற்காக எரிகிறது என்று கேட்பது நம் பழக்கத்தில் இல்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றேன். மணி பத்து இருபத்தைந்து.

"புதுப்பேட்டை போயி பழைய டைனமோ ஒண்ணு பாக்கணும். இந்த மாடலுக்குப் புதுசு சீக்கிரம் கெடைக்காது. ரெண்டு நாள் ஆவும்."

"அடையாறு போயிட்டு வரணும். இப்பவே. அக்காவுக்கு ட்ரீட்மென்ட்."

டில்லிபாபு என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேட்டரியைப் பார்த்தார்.

"பானையில கொஞ்சம் சோறு கீது. கொஞ்ச நேரம் என் பேட்டரிலேர்ந்து ஏத்தி விடுறேன். ஆனா சொல்றத கேட்டுக்கோ. ஏசி கூடாது. பாட்டு கூடாது. லைட்டு கூடாது. வைப்பர் கூடாது. ஹாரன் கூடாது. கண்ணாடிய எறக்கிட்டன்னா அப்பிடியே வுட்டுடு, திரும்ப ஏத்தாதே. எதத் தொட்டாலும் கரண்டு. இன்ஜின மட்டும் ஆஃப் பண்ணிடாதே. பண்ணா, செல்ஃப் எடுக்காது."

"போயிட்டு வர தாங்குமா?"

"போவத் தாங்கும்" என்றார்.

பத்து ஐம்பதுக்கு அபிராமபுரம். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இருபது நிமிஷம் லேட். வாட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏறினாள்.

"ஏசி போடலையா?"

"வெளிக்காத்து நல்லதுன்னு சொல்றா."

"யாரு சொல்றா?"

"பொதுவா சொல்றா."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேள்வி அதோடு முடிந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சென்னையில் ஹாரன் இல்லாமல் கார் ஓட்டியிருக்கிறீர்களா? கிரீன்வேஸ் சாலையில் எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிறவர் செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ரோட்டின் நட்டநடுவில், அவருடைய சொந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். நான் கையை ஹாரனுக்குக் கொண்டுபோனேன். எடுத்தேன். மறுபடி கொண்டுபோனேன். எடுத்தேன்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஸ்கூட்டர்ல போறவர், கொஞ்சம் லெஃப்ட்ல போங்கோ."

கத்தவில்லை. சூப்பர்வைசர் குரல், அவ்வளவுதான். ஸ்கூட்டர்காரர் லெஃப்டில் போனார். அவருக்கு முன்னால் போன இரண்டு பேரும் லெஃப்டில் போனார்கள். பதினேழு வருஷத்தில் என் ஹாரனுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

பாலத்தில் ஏறியபோது மழை வந்தது. மந்தைவெளியில் வெயில், அடையாறில் மழை – இந்த ஊரில் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட முடியாது. கண்ணாடியை ஏற்றினால் கரண்ட் போகும். வைப்பர் போட்டால் கரண்ட் போகும். இருக்கிற கரண்டில் எதைச் செய்வது? ரோடு தெரிவது முக்கியம் என்று முடிவு செய்து, எதுவுமே தெரியாமல் போகும்போது மட்டும் வைப்பரை ஒரு தடவை – ஒரே ஒரு தடவை – போட்டு நிறுத்தினேன். பின்னால் 'டப்' என்று குடை விரிந்தது.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி போர்ட்டிகோ. அக்கா குடையை மடக்கினாள். வழக்கமாக நானும் கூடவே போவேன், காத்திருக்கிற ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று இன்ஜினை நிறுத்த முடியாது.

"நீ போ. நான் வண்டியிலயே இருக்கேன்" என்றேன்.

ஒரு நிமிஷம் நின்றாள். புடவையின் தோள்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பிறகு தனியாக நடந்து உள்ளே போனாள். அந்த முதுகைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. பதினாறு நாளும் கூடவே போனதால், அவள் எவ்வளவு மெதுவாக நடக்கிறாள் என்பதை நான் பார்த்ததே இல்லை.

பார்க்கிங்கில் செக்யூரிட்டி வந்தார்.

"சார், இன்ஜின் ஆஃப் பண்ணுங்க."

"பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. இங்கயே நிக்கும்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு நாள்."

யோசித்தார். "ஓடட்டும் சார்" என்று போய்விட்டார்.

இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. பிறகு ஒரு தும்மல், ஒரு நடுக்கம். மீட்டரில் இருந்த முட்கள் எல்லாம் ஒன்றாகப் படுத்தன. சாவியைத் திருப்பினேன். இந்தத் தடவை 'டிக்' கூட வரவில்லை.

அக்கா வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அதற்குள் என்ன சொல்வது என்று தயார் செய்தேன். வந்தது என் கார்தான், வந்துவிட்டது, ஆகவே பதினேழாவது நாள் கணக்கில் சேரும் – இது முதல் வாதம். நாளைக்கும் நாளன்றைக்கும்? அதற்கு வாதம் கிடைக்கவில்லை. காரை இழுத்துக்கொண்டு போகிற வண்டியில் ஏற்றி, அதில் அவளையும் உட்கார வைத்துக் கொண்டுபோனால், அது என் காரில் போனதாக ஆகுமா என்றுகூட யோசித்தேன். மனிதனுக்குப் பயம் வந்தால் மூளை இப்படியெல்லாம் வேலை செய்கிறது. இருபத்தைந்தில் எட்டு பாக்கி. ஒரு பொட்டினால் அது போய்விடுமோ?

அக்கா வந்தாள். காரைச் சுற்றி ஒரு பார்வை.

"போயிடுத்தா?"

"ம்."

"கிளம்பறச்சேயே தெரியும். ஆட்டோவைக் கூப்பிடு."

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. அதற்குள் அவளே கையைக் காட்டி ஒன்றை நிறுத்திவிட்டாள். ஏறி, உள்ளே தள்ளி உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டாள்.

"அபிராமபுரம் போப்பா. பள்ளம் பார்த்துப் போ."

ஆட்டோ பாலம் ஏறியது. அப்புறம் அடக்க முடியவில்லை.

"ஆட்டோல ஏற மாட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"கார் வரலைன்னா நிறுத்திடுவேன்னியே?"

"அதுவும் சொன்னேன்."

"பின்ன?"

அக்கா நனைந்த குடையைக் காலடியில் வைத்தாள்.

"ஆட்டோல போயிக்கறேன்னு சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தினம் பத்தரைக்குப் போனிலேயே ஒரு ஆட்டோ புக் செய்திருப்பேன். டிரைவர் பெயர், வண்டி நம்பர், ஓ.டி.பி. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பேன். சாயங்காலம் 'போயிட்டு வந்தியா?' என்று ஒரு மெசேஜ். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று அனுப்புவாள். நான் என் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இருபத்தைந்து நாளும்.

"அதான்" என்றாள் அக்கா.

"நேரா சொல்லியிருக்கலாமே. தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வாடான்னு."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராதுடா."

வெட்கமாக இருந்தது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் ஒரு கையால் ஆபரேஷன் செய்த இடத்தை அழுத்திக்கொண்டாள், இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தினமும் இப்படித்தான் பள்ளத்துக்குப் பள்ளம் அழுத்திக்கொண்டு வந்திருக்கிறாள். ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவே தெரியாது. அபிராமபுரம் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

புதனும் ஆட்டோ. வியாழனும் ஆட்டோ. பத்தொன்பது முடிந்தது. கொஞ்சம் பேசவும் செய்கிறோம்.

வியாழன் சாயங்காலம் டில்லிபாபு போன் செய்தார். காரை ஆஸ்பத்திரியிலிருந்து இழுத்து வந்து, புதுப்பேட்டையில் நல்ல டைனமோவாகப் பார்த்து மாட்டிவிட்டாராம். சார்ஜ் அருமையாக ஏறுகிறதாம். "எப்ப சார் வண்டி எடுக்க வர்றே?" என்றார்.

இன்னும் ஆறு நாள் கடையிலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.